முனியப்பன் வேண்டாம் என்ற கிடா

மேச்சேரிக்குத் தெற்கே செம்மறி வளர்க்கும் அருணகிரிக்குக் கண்ணைவிடக் கைமேல்தான் நம்பிக்கை. எந்தக் கிடாவானாலும் முதுகெலும்பின் இருபுறமும் விரல்களைப் பரப்பி அழுத்திப் பார்ப்பார். சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, இன்னும் கனம் ஏறுமா என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பையனின் முதுகையும் அப்படித் தடவிய பிறகுதான் வெற்றிலை மாற்றினார் என்று சொந்தக்காரர்கள் சொல்வதுண்டு. மாப்பிள்ளை இன்றுவரை மாமனாருக்கு முதுகு காட்டுவதில்லை.

அவர் பட்டியின் பெருமை முனியப்பன் கோயிலில் தொடங்கியது. நேர்ந்துவிட்ட கிடாவின் மேல் தண்ணீர் தெளித்துத் துளுக்கு கேட்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம், கத்தி இறங்கும். வெகுகாலத்துக்கு முன் அருணகிரியின் கிடா ஒன்று உதறவே இல்லை. சாமியே விட்ட உயிரைக் கறிக்கடைக்கு அனுப்ப முடியுமா? இனம் பெருக்கும் பொலிகிடா ஆக்கிவிட்டார். உடம்பும் நல்ல உடம்பு. அதன் வாரிசுகளில் உதறியவை கோயிலோடு போயின. உதறாதவை வீடு திரும்பிப் பொலிக்கு நின்றன. கை வைத்தால் நெளிகிற குட்டிகள் சந்தைக்குப் போயின. ஆக, அருணகிரியும் முனியப்பனும் கூட்டாகப் பொறுக்கி எடுத்த மந்தை அது. பார்க்க வந்த கால்நடை டாக்டர்கள் தொடையை நாடா வைத்து அளந்து அருணகிரியைப் பாராட்டினார்கள். முனியப்பனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மழை வந்தால்தான் வித்தியாசம் தெரியும். அக்கம்பக்கத்து ஆடுகள் சடசடவென்று உதறும். இவருடையவை காதில் நீர் சொட்டச் சொட்ட, ஒரே பக்கம் பார்த்தபடி நிற்கும். கத்தாது. வெயிலில் காய்ந்த பிறகு மேயப் போகும். காவல் நாய் பட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டது. சாது குணம் என்றார் அருணகிரி. அவர் மனைவி சின்னாயி மட்டும் பட்டி கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்.

போர்வெல் வண்டியோடு வடக்கே போன மகன் பூபதி, குழாய் சரிந்து சாகக் கிடந்து பிழைத்து வந்தான். தங்கள் பட்டியில் பிறந்த கிடாவை முனியப்பனுக்குத் தருவதாகச் சின்னாயி வேண்டியிருந்தார். சாமி அதை வாங்கிக்கொண்டால்தான் மகன் உயிர் மகனுடையது. அதுவரை இரவல்.

கோயிலில் பூபதி ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் கிடாவின் கயிறுமாக நின்றான். பூசாரி சின்னான் தண்ணீர் தெளித்தார். கிடா அசையவில்லை. காதில் விட்டார், முதுகில் விட்டார். அசையவில்லை. வேறொன்றைக் கொண்டுவந்தார்கள், பிறகு இன்னொன்று. நனைந்த கிடாக்கள் வரிசையாக நின்று கூட்டத்தைப் பார்த்தன. சந்தையில் ஒன்று வாங்கி வரலாம் என்று யாரோ சொன்னதைச் சின்னாயி ஏற்கவில்லை. சாமியிடம் சொன்னது நம் பட்டிக் கிடா.

"ஏனுங்க, உங்க பட்டியில ஒதறுறது ஒண்ணுகூடவா இல்லீங்க?" என்று கேட்டார் சின்னான்.

"இருந்துச்சுங்க," என்று அருணகிரி முனியப்பன் சிலையைக் காட்டினார். "எல்லாத்தயும் இவருக்கே குடுத்துட்டனுங்க."

சிரிக்கத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். சின்னான் எரிச்சலில் சொம்பிலிருந்த மிச்சத்தை வீசினார். அது கிடாவைத் தாண்டிப் பூபதியின் கழுத்தில் விழுந்தது.

பூபதி தலைமுதல் கால்வரை சிலிர்த்து உதறினான்.

துளுக்கு விழுந்ததும் அடித்தே பழகிய கொட்டுக்காரர் ஓர் அடி அடித்துவிட்டார். இரண்டாவது அடிக்கு ஓங்கிய குச்சி அப்படியே நின்றது. கிடாக்கள் எல்லாம் மெல்லப் பூபதி பக்கம் திரும்பின.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம். திரும்பிப் பாக்காத," என்று சின்னாயி முந்தானையால் மகனின் கழுத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவனுக்கு நடுங்கியது.

அருணகிரி ஓடிவந்து மகனை அணைத்துக்கொண்டார். ஆறுதலுக்காக வைத்த கைதான். விரல்கள் தாமாகவே பரந்து, முதுகெலும்பின் இருபுறமும் அழுத்தின.

"கைய எடுங்க," என்றார் சின்னாயி.