ஐந்து நாள் கியூட்டெக்ஸ்

பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த அழகுநிலையத்தை வேவு பார்ப்பதற்காக நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு கிலோ தெரிந்தெடுக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தேன். மரக்கறிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, கத்தரிக்காய்க்குச் சாதகம் பாக்கிறீங்களோ?" என்றார். என் கண் எதிர்ப்பக்கக் கண்ணாடிக் கதவிலேயே இருந்தது. நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூச என்னிடம் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருத்தி நான்கு மாதமாக வரவில்லை. அவள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு, விரல்களை விரித்து ஊதியபடி வெளியே வருவாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நம்பியிருந்தேன்.

நான் சந்தேகக்காரி. இதை மறைத்து எழுதினால் மற்றது எதுவும் விளங்காது. கியூட்டெக்ஸ் துடைக்கிற ரிமூவர் போத்தலைத் திறந்தால் கடைக்காரர் தண்ணீர் கலந்திருக்கிறாரோ என்று முதலில் மணந்து பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் என் வேலையைப் படமெடுத்தால் அதை யாருக்கு அனுப்பப் போகிறாள் என்று யோசிப்பேன். என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர். "உனக்கு ஆரிலையாவது சந்தேகம் இல்லாட்டிச் சோறு செமிக்காது" என்பார். அவர் ஏன் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. முன் அறை ஜன்னலோரம் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரித் தட்டு முழுக்கக் கியூட்டெக்ஸ். நகத்தில் படம் வரைவதைப் போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். வாங்கிய தூரிகை தடிப்பாக இருந்ததால் பிளேட்டால் வெட்டி நாலைந்து மயிர் மட்டும் விட்டேன். புள்ளி வைப்பதற்குக் குண்டூசித் தலை. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெல்ல மாறுவதற்குப் பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு. பத்து விரலிலும் பத்துக் கதை இருப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு தீம் என்றால் பத்து நகமும் அதற்குள் நிற்கவேண்டும். நத்தாருக்கு மாட்டுத்தொழுவம், மாதா திருநாளுக்கு நீலமும் வெள்ளியும், கலியாணப் பெண்ணுக்கு அவளுடைய கூறைச் சேலையின் கரை. ஒருத்தி எங்கள் ரவுனில், நகரத் தெருவிலேயே திரியும் மான்கள் வேண்டுமென்றாள். பெருவிரலில் கொம்போடு ஒரு கலைமானை நிறுத்தினேன், சின்ன விரலில் வாலுக்கு மட்டும்தான் இடமிருந்தது.

நான் வேவு பார்த்தவள் கிண்ணியாக்காரி. தினமும் பஸ்ஸில் வந்து ரவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். வேலை முடிந்து பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில், மாதத்துக்கு ஒரு தரம், என் கதிரையில் வந்து உட்காருவாள். நகத்தில் பூச்சு இருந்தால், தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளுச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் படாது, உளு இல்லாமல் தொழ முடியாது. ஆகவே மாதவிலக்கு வந்து தொழுகை இல்லாத அந்த ஐந்தாறு நாளுக்கு மட்டும் அவள் கியூட்டெக்ஸ் போடுவாள். குளித்துச் சுத்தமாகிற அன்று தானே துடைத்துவிடுவாள். இதனால் லேசில் துடைக்க முடியாத ஜெல்லை அவளுக்கு நான் போட்டதே இல்லை. மற்றவர்கள் மூன்று கிழமைக்குக் கேட்கிற வேலையை ஐந்து நாளுக்காக இரண்டு மணித்தியாலம் இருந்து செய்தேன். ஐந்தாம் நாள் அழியப்போகிற படம் என்பதால் துணிந்து எதையும் வரையலாம். என் நல்ல வேலைகள் எல்லாம் அவள் விரலில்தான் இருந்தன.

எனக்குக் கலியாணமாகிப் பதின்மூன்று வருடம், அவளுக்கு ஆறு. இருவருக்கும் பிள்ளை இல்லை. அவள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றினால் அந்த மாதமும் இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒரு நாளும் அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. "இந்த முற என்ன தீம் அக்கா?" என்றுதான் கேட்பாள். கண் வீங்கியிருந்தால் வேண்டுமென்றே கஷ்டமான தீமாக எடுப்பேன், கொஞ்சம் கூட நேரம் இருக்கட்டும் என்று. உண்மையைச் சொன்னால், அவள் வரும் நாளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து உட்கார்ந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அவளுக்கு இல்லாத ஒன்று எனக்கு ஆறுதலாவது நல்லதா என்று அந்தக் காலத்தில் நான் யோசிக்கவில்லை.

ஒரு மாதம் வரவில்லை. லீவாக்கும் என்று விட்டேன். அடுத்த மாதம் மெசேஜ் போட்டேன். "வேல கூட அக்கா, நேரங் கிடைக்கிதில்ல" என்று பதில் வந்தது, அழுகிற முகமோ சிரிக்கிற முகமோ ஒட்டாத ஒரு பதில். மூன்றாம் மாதம் பதிலே வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக அந்த அழகுநிலையம் திறந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அன்று அவள் கண்ணாடிக் கதவால் வரவில்லை. அலுவலகப் பக்கமிருந்து, வெயிலில் மெல்ல மெல்ல நடந்து வந்தாள். நான் கத்தரிக்காய்ப் பையோடு குறுக்கே போய் நின்றேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மாறியது. அந்த மாற்றத்தைக் கண்டதும் எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது.

"ஆளைக் காணக் கிடைக்கேல்ல. எங்க, கையைக் காட்டுங்கோ பாப்பம்" என்று சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து அபாயாக் கையைச் சற்று மேலே இழுத்தேன். பத்து நகமும் வெறுமையாக இருந்தன. நான் அதோடு விடவில்லை. நகக்கண்ணைப் பார்ப்பதுபோல் குனிந்து விரலை மணந்தேன். தேசிக்காய்ப் புளி மணந்தது. மற்றக் கைக்குள் பாதி கசங்கிய ஒரு தேசிக்காயை வைத்திருந்தாள். ரிமூவர் மணத்தை மறைக்கத் தேசிக்காய் தேய்த்திருக்கிறாள் என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"பஸ் போயிரும் அக்கா" என்று கையை இழுத்துக்கொண்டு போனாள்.

குசினியில் கத்தரிக்காய் வெட்டும்போது கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். நான் காணாமல் இருக்கத் துடைத்துவிட்டாள், என்னை விசரி என்று நினைத்துவிட்டாள், இத்தனை வருடம் இருந்து வரைந்ததற்கு இதுதான் நன்றி என்று சத்தம் போட்டேன். அவர் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நகம் வெறுமையா இருந்தா அவ தொழுறா எண்டெல்லோ அர்த்தம்? நீதானே எனக்குச் சொன்னனி" என்றார்.

கத்தியை வைத்துவிட்டு விரலை மடித்து எண்ணினேன். நான்கு மாதம். களைத்த நடை. குமட்டலுக்கு மணக்கிற தேசிக்காய். ஊரில் எவளும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். மாதாமாதம் அவளுடைய நாளைக் கணக்கு வைத்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம் என்று எழுத ஆசை. இல்லை. முதலில் வந்தது கோபம். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்ற கோபம். அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றக் கேள்வி வந்தது. ஏன் எனக்குச் சொல்லவில்லை? இதற்கு விடை தேட நான் கத்தரிக்காய் வாங்கப் போகத் தேவையில்லை. உறவுக்காரர் வீட்டு ஞானஸ்நான விருந்து ஒன்றில் பிள்ளையை என் கையில் தந்தார்கள். உடனேயே திருப்பி வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் வெடித்தது முன் விறாந்தை வரை கேட்டது. அன்றிலிருந்து நான் யாருடைய பிள்ளையையும் தூக்குவதில்லை. பிள்ளை இல்லாதவளின் கண் என்று ஒன்று இருக்கிறது. அது எனக்கிருப்பதாக அவளும் நினைத்திருக்கிறாள்.

பிறகு ஐந்து மாதம் நான் அவளுக்கு ஒரு சொல் அனுப்பவில்லை. பஸ் நிலையப் பக்கம் போவதையும் விட்டேன். மாதா கோயிலில் அவளுக்காக மெழுகுதிரி கொளுத்தினேன். கொளுத்தும்போது என் மனது சுத்தமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு என்னையே நம்ப முடியாமல் போனதுதான் அந்த மாதங்களில் பெரிய வேதனை.

ஒரு காலையில் போன் வந்தது. "அக்கா, மகள் பொறந்திருக்கா. இண்டைக்குப் பதினாறு நாள்" என்றாள். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள், "நாப்பது நாளைக்குத் தொழுக இல்ல. கை சும்மாதான் கெடக்கு. சாமான எடுத்துக்கொண்டு வாங்களன்" என்றாள். பதினாறு நாள் பொறுத்துவிட்டு ஏன் இன்றைக்குக் கூப்பிடுகிறாள், யார் சொல்லிக் கூப்பிடுகிறாள், இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாளோ என்று பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டும் மட்டும் யோசித்தேன்.

அவளுடைய உம்மா கதவைத் திறந்து, மரியாதையாகக் கதிரை தந்து, குளிர்ந்த ஜூஸ் தந்தார். பிறகு அறையின் மூலையில் கட்டியிருந்த ஏணைத் தொட்டிலின் சீலையைப் பிள்ளை தெரியாதபடி இழுத்து மூடிவிட்டார். அது என் கண்ணில் படாமல் போகுமா? நான் வேண்டுமென்றே ஏணைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போத்தல்களை வரிசையாக வைத்து, அவள் கையை எடுத்தேன். உம்மா குசினிக்குள் போகும் வரை பார்த்திருந்தேன்.

"என்ர கண்ணுக்குப் பயந்துதானே வராம விட்டனீங்கள்?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஓம் அக்கா" என்றாள். "உம்மாக்கே நாலு மாசத்துக்குப் பொறகுதான் சொன்னன். வேற ஆருக்கும் தெரியா. உங்களுக்கு மட்டுந்தான் என்ட நாள் தெரியும். வராட்டி கண்டுபிடிச்சிடுவீங்க, வந்து பொய் சொல்லவும் ஏலாது. பயந்துட்டன்."

சுட்டது. ஆனால் பொய் சொல்லியிருந்தால் உடனே பிடித்திருப்பேன், அது இன்னும் கூடச் சுட்டிருக்கும். அவள் பெருவிரலைப் பிடித்து அடிப்பூச்சான பேஸ் கோட் போடத் தொடங்கினேன்.

தீம் என்ன என்று அவளே சொன்னாள். அவள் தினமும் தாண்டி வேலைக்கு வந்த பாலம். இரண்டு கையையும் பக்கம் பக்கமாக வைத்தால் பத்து நகத்திலும் ஒரே பாலமாக ஓடவேண்டும் என்றாள். கீழே கடல், மேலே காலை வானம், நடுவில் சாம்பல் கோடு. கோடு நகத்துக்கு நகம் பொருந்துவதற்காகக் கையிரண்டையும் மேசையில் ஒட்ட வைத்து அசையாமல் இருந்தாள். முடியும் தறுவாயில் பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். உம்மா வந்து பாயை விரித்துத் தொழ நின்றார். நான் மேல்பூச்சான டொப் கோட்டும் போட்டு மூடியைத் திருகப்போக, "இன்னொரு டொப் கோட் போடுங்க அக்கா, தடிப்பா" என்றாள். போட்டேன்.

ஏணைக்குள் பிள்ளை அழத் தொடங்கியது.

அவள் எழும்பவில்லை. ஈரமான பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். "தூக்குங்க அக்கா."

"உங்கட உம்மா முடிக்கட்டும்."

"அவ முடிக்க நேரமாகும். தூக்குங்க."

"என்ர கை முழுக்க ரிமூவர் மணம்."

"தொடச்சிட்டுத் தூக்குங்க."

தொழுகையில் நிற்கிற உம்மாவால் திரும்ப முடியாது. அழுகை கூடிக்கொண்டு போனது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சீலையை விலக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் குனிந்தேன். தடவித் தடவிக் கழுத்துக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கி நெஞ்சோடு பிடித்தேன். பிள்ளை சூடாக இருந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்று ஆட்டினேன்.

"கண்ணைத் தெறங்க அக்கா" என்றாள் அவள். "அவள ஒருக்கா வடிவாப் பாருங்க."

திறந்தேன். சிவந்த, சுருங்கிய, கோபம் பிடித்த முகம். அழுகையை நிறுத்திவிட்டு, யார் இவள் என்று சந்தேகமாக என்னைப் பார்த்தாள். உம்மா தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்துத் திரும்பியபோது கண்டார், பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குப் போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மிளகாய் வெடிக்கவில்லை.

ஒரு டொப் கோட் போதும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடத்தில் அவள் இன்னொன்று கேட்டதே இல்லை. உம்மா தொழ நின்ற பிறகு, பிள்ளை பாலுக்கு எழும்புகிற நேரம் பார்த்து, ஏன் கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். என் சந்தேகங்களில் நான் விசாரிக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.