அம்மா பார்த்து வைத்த ஊர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது எங்கள் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்களாக இருப்பீர்கள். சாப்பிடாமல் கிளம்பியதற்காகத்தான் வாங்கியிருப்பீர்கள். அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், மூத்த மகளாகிய நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "வேல வெட்டி இல்லியா ஒனக்கு?" என்று இதற்கும் திட்டியிருப்பார்.

அம்மா பிறந்த ஊர் இன்று இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ஊரே பெயர்ந்தது. அம்மாவுக்கு அப்போது பாவாடை கட்டும் வயது. பிறகு, சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகியிருந்த அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தார். எந்த ஷிப்ட் முடிந்து அப்பா வந்தாலும் அவருக்குச் சுடச்சுடச் சோறு இருக்கும். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். தோட்டத்தில் கீரை போடுவார், ஆனால் ஒரு மரம் வைக்க மாட்டார். ஏனென்று கேட்டால், "ரிட்டயர்டு ஆனா காலி பண்ணணும். மரத்த தூக்கிகினா போவ முடியும்?" என்பார்.

அப்பா ஓய்வுபெறும் காலம் நெருங்கியது. தம்பி சென்னையில் தன் பிளாட்டுக்கே வந்துவிடச் சொன்னான். அம்மா அசையவில்லை. "எனக்குக் கொஞ்சம் மண்ணு வேணும். மாடு கட்டணும், மரம் வெக்கணும். இன்னொரு தடவ என்னை யாரும் எழுந்திருன்னு சொல்லக் கூடாது. அப்படி ஒரு எடம் பாருங்க" என்று முடித்துவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போனார்கள். அப்பா பஸ் வருமா, கரண்ட் ஒழுங்காக இருக்குமா, ஆஸ்பத்திரி பக்கமா என்று விசாரிப்பார். அம்மா முந்தானையில் ஒரு பிடி துவரம்பருப்பு முடிந்துகொண்டு போவார். ஏதாவது ஒரு வீட்டில் அடுப்பைக் கேட்டு, அந்த ஊர்த் தண்ணீரில் அதை வேகவைப்பார். பருப்பு மலர்ந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். முகம் தெரியாதவளுக்கு அடுப்பைக் கொடுக்கிறார்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். திருவதிகையில் பருப்பு வெந்தது, ஆனால் மாடு கட்ட இடமில்லை. குள்ளஞ்சாவடிப் பக்கம் அப்பாவுக்கு மிகவும் பிடித்திருந்தது, அத்தனை பஸ் வசதி. "பஸ்ஸு ஏறவா வூடு கட்றோம்?" என்று அம்மா வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஒரு நாள் காடாம்புலியூர் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போயிருக்கிறார்கள். அப்பா ஷிப்ட் முடிந்து அப்படியே வந்ததால் காக்கி உடுப்பு, சேஃப்டி ஷூ. முந்திரித் தோப்போரம் மண்ணை அள்ளிப் பார்த்தவர், காலமெல்லாம் சுரங்கத்தில் இருந்த பழக்கத்தில், "இதுக்குக் கீழ கரி எவ்ளோ ஆழத்துல கெடக்குமோ" என்று உரக்கச் சொல்லிவிட்டார். கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரே திரண்டுவிட்டது. கொட்டை பொறுக்கியவர்களில் ஒருவரான தனக்கோடி அக்கா கூடையோடு முன்னால் வந்தார்.

"எங்க நெலத்த அளக்கவா வந்திருக்கீங்க? மரியாதயா வந்த வழியே போயிடுங்க."

பயந்துபோன அப்பா, தான் யாரென்று காட்ட சுரங்கத்து ஐடி கார்டை எடுத்து நீட்டினார். பாவம், அது போதாதா? கூட்டம் இன்னும் நெருங்கியது. அம்மாதான் நடுவில் வந்து நின்றார்.

"அளக்க வரலம்மா. அப்படி அளந்து எடுத்ததுல ஊர வுட்டு வந்தவ நானு. ஒரு வூடு கட்ட எடம் பாத்துகினு வந்தோம். அடுப்பு இருந்தா குடு, இந்தப் பருப்ப வேவ வெச்சிப் பாக்கணும்."

தனக்கோடி அக்கா கூடையை இறக்கி வைத்தாராம். பிறகு அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் அடுப்பை மூட்டினாராம். பருப்பு நன்றாக மலர்ந்தது. திரும்பும்போது அம்மா, "இந்த ஊருதாங்க" என்றார்.

"அடிக்க வந்தாங்களேடி!"

"ஊருக்கு ஒண்ணுன்னா ஓடியார ஜனம். வேற இன்னா வேணும் நமக்கு?"

அங்கேதான் வீடு கட்டினார்கள். அம்மா மாடு வாங்கினார், பலாக்கன்று வைத்தார், வருகிறவர்களையெல்லாம் சாப்பிடச் சொல்லி அதட்டினார். என் வாழ்நாளில் அவரை அத்தனை நிம்மதியாக நான் பார்த்ததில்லை. சிறுநீரகம் கெட்டு உடம்பு இளைத்தபோதும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரத்தான் துடித்தார். கடைசியில் வீட்டிலேயே, அப்பாவின் கையைப் பிடித்தபடி அடங்கினார்.

அந்த ஊரில் எங்களுக்குப் பங்காளி, மாமன் மச்சான் யாருமில்லை. சுடுகாட்டில் இடம் கேட்கத் தம்பிக்குக் கூச்சம். நெய்வேலிக்கே கொண்டுபோய்க் காரியத்தை முடிக்கலாம் என்று வண்டி சொல்லிவிட்டான். வண்டி வாசலுக்கு வந்ததும் தனக்கோடி அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"எங்க தூக்கிகினு போறீங்க? எங்க ஊரு பொம்பளய எங்க ஊருலதான் எடுப்போம். வண்டிய திருப்புப்பா."

பந்தல் போட்டதும், பாடை கட்டியதும், தோள் கொடுத்ததும் அந்த ஊர் மக்களே. தம்பி கொள்ளி வைத்ததோடு சரி.

அம்மாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்ற குவார்ட்டர்ஸ் அண்டை வீட்டாருக்கும், உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனக்கோடி அக்காவுக்கும் அந்த ஊருக்கும் நன்றி என்ற சொல் போதாது.

சென்ற மாதம் தம்பி அப்பாவைச் சென்னைக்கு அழைத்தான், தனியாக ஏன் இருக்கவேண்டும் என்று. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒங்கம்மா இருக்கிற ஊர வுட்டுட்டு நான் எங்கடா வரது?"