பெயர் மட்டும் இருந்த பெட்டி

திருச்செங்கோட்டில் கோழிப்பண்ணை விசிறிகளை இயக்கும் பெட்டிகளைப் பழுது பார்க்கும் தனப்பிரியாவுக்குப் புது மாடல் பெட்டிகள் வந்திருந்தன. சூடு ஏறினால் மணி அடிக்கும் வசதி புதுப் பெட்டியில் உண்டா என்று பண்ணைக்காரர் செங்கோடன் கேட்டு வந்தார். பெட்டியின் புரோகிராம் ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். புரியாத குறிகளுக்கு நடுவே ‘ஹீட் அலாரம்’ என்ற எழுத்துகள் தெரிந்தன.

“அதான் பேரு இருக்குதே சாமி, குடு, மாட்டிப்போடறேன்.”

“கல்யாணப் பத்திரிகைல பேரு போட்டவீங்க எல்லாரும் வந்தர்றாங்களாங்க?”

மணி அடிக்கும் வேறொரு பெட்டியின் ஃபைலோடு ஒப்பிட்டாள். அந்தப் பெயருக்கு எதிரே அதில் ‘1’ என்று இருந்த இடத்தில் இதில் ‘0’. கம்பெனிக்காரர்கள் வசதியை முடக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

“அர்த்தநாரீசா!” என்று மலைச் சாமியைக் கூப்பிட்டபடி எழுந்தாள்.

போன வாரம் பெயரை மட்டும் பார்த்துப் பழனியம்மாள் பண்ணையில் இதே பெட்டியை மாட்டியிருந்தாள். அங்கே ஐயாயிரம் கோழி. வெளியே வெயில் கொளுத்தியது. செருப்புகூடப் போடாமல் வண்டியை எடுத்தாள்.