கிருமியில்லாப் பள்ளி

கிருமியே இல்லாத தொண்டை என்று ஒன்று கிடையாது. எல்லோர் தொண்டையிலும் பாக்டீரியா குடியிருக்கிறது. பெரும்பாலும் சாதுவானவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அப்படியல்ல. தொண்டைப் புண்ணாக வந்து, சில பிள்ளைகளுக்கு மூட்டையும் இதய வால்வையும் பதம் பார்த்துவிடும். அதைத் தேடுவதுதான் என் வேலை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பிள்ளைகளின் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் தடவியெடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த ஊட்டக் கூழ் நிரப்பிய தட்டில் பூசி, மறுநாள் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்ப்போம்.

செம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கேம்ப் நடத்திப் பூசிய தட்டுகளைக் காலையில் திறந்த எங்கள் டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டார். எல்லாம் கழுவி வைத்தது போல இருந்தன.

"இன்னா மேடம் இது? ஸ்கூல் பசங்க தொண்டையா, ஆபரேஷன் தியேட்டரா?"

தட்டில்தான் கோளாறோ என்று, மிச்சமிருந்த ஒன்றில் அவர் தொண்டையிலிருந்தே எடுத்துப் பூசினோம். மறுநாள் அமோக விளைச்சல். தட்டில் குறையில்லை.

தலைமை ஆசிரியைக்கு போன் செய்தேன். "ஒரு குழந்தைக்குக்கூட எதுவும் வளரலை மேடம். கேம்ப்புக்கு முன்னாடி வீட்டுல ஏதாவது குடுத்தாங்களா?"

"ஆமா மேடம், நல்லா ப்ரிப்பேர் பண்ணித்தான் அனுப்பினாங்க." குரலில் பெருமை இருந்தது.

'நாளை தொண்டை டெஸ்ட், பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பவும்' என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போயிருக்கிறது. பெற்றோர் தயார் செய்துவிட்டார்கள். சிலர் கிருமிநாசினி மருந்தால் கொப்பளிக்க வைத்திருக்கிறார்கள். சிலர் போன காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் இல்லாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். எந்த மாத்திரை நல்லது என்று குழுவிலேயே ஆலோசனையும் நடந்திருக்கிறது.

"இது பரீட்சை இல்லை மேடம்."

"புரியுது மேடம். ஆனா ரிசல்ட் சூப்பர்தானே?"

அந்த வாரமே பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியது: 'எங்கள் மாணவர்கள் கிருமியற்றவர்கள். பரிசோதனையில் நிரூபணம்.' அட்மிஷன் நேரம். நல்லவேளை, என் பெயரைப் போடவில்லை.

நஷ்டம் என் ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் திட்டிவிட்டு வேறு பள்ளிக்குப் போயிருப்பேன். ஆனால் கேம்ப்பில் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தொண்டையை நானே டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். சிவந்திருந்தது. லேசாக நொண்டினாள். "போன வாரம் இந்த முட்டி வலிச்சுது ஆன்ட்டி. இப்போ அந்த முட்டி" என்றாள். மூட்டுக்கு மூட்டு தாவும் வலி எனக்குப் பிடிக்காத அடையாளம். உடனே கவனித்தால் இதயத்தைக் காப்பாற்றலாம். அம்மாவை வரச் சொல்லும்படி வகுப்பாசிரியையிடம் சொல்லியிருந்தேன். யாரும் வரவில்லை. சனிக்கிழமை நானே வீட்டுக்குப் போனேன்.

அம்மாவுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கிருமியே இல்லைன்னு ஸ்கூல்ல போர்டு வெச்சிருக்காங்களே மேடம்?"

"மாத்திரை குடுத்ததால தட்டுல வரலைங்க."

"மாத்திரையில போயிடுச்சுன்னா நல்லதுதானே?"

இரண்டு மாத்திரை தட்டைத்தான் ஏமாற்றும், நோயை அல்ல என்றேன். மூட்டில் இருப்பது கிருமியே இல்லை, அதை எதிர்க்கப் போன உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிறது என்றேன். படம்கூட வரைந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வளர்ற பிள்ளைக்கு முட்டி வலிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்போ திரும்ப எடுத்து வந்துடுச்சுன்னா, ஸ்கூல்லயே இவ ஒருத்திக்குத்தான் கிருமின்னு ஆகும். பக்கத்துல யாரு உட்காருவா, சொல்லுங்க?"

இதற்கு என்னிடம் படம் இல்லை. தொண்டையைத் தொடவே வேண்டாம், ரத்தம் போதும் என்றேன். கிருமி வந்துபோன தடம் ரத்தத்தில் இருக்கும், மாத்திரையால் அதை அழிக்க முடியாது. பள்ளிக்குத் தெரிய வேண்டியதில்லை. கடைசி வாக்கியத்துக்குத்தான் தலையாட்டினார்.

ரத்தத்தில் தடம் பலமாகவே இருந்தது. குழந்தை மருத்துவர் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு வால்வில் லேசான கசிவு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, தவறாமல், பல வருடங்களுக்கு. விடாமல் போட்டால் கசிவு இதோடு நின்றுவிட வாய்ப்புண்டு என்றார்.

அடுத்து, அந்த ஊசியைப் போட ஆள் தேடினோம். தாம்பரத்தில் கேட்ட கிளினிக்குகளில் எல்லாம் ஒரே பதில்: "பென்சிலினா? அலர்ஜி ஆச்சுன்னா யாரு பார்க்கிறது?" கடைசியில் ஊரப்பாக்கத்தில் ஒரு டாக்டர், முதலில் சிறிதளவு போட்டுச் சோதித்துவிட்டுப் போடுவதாக ஒப்புக்கொண்டார். பள்ளிக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பதில் அம்மாவுக்கு நிம்மதி.

முதல் ஊசிக்கு நானும் போனேன். சிறுமி கத்திய கத்தலில் வெளியே காத்திருந்த குழந்தைகளும் அழ ஆரம்பித்தன. தாம்பரம் திரும்ப மின்சார ரயிலுக்காக நின்றோம். அவள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே என்னை முறைத்தாள்.

அம்மா போனில் காலண்டரைப் புரட்டினார். "அடுத்த தடவை கரெக்டா எங்க ப்ராஜெக்ட் ரிலீஸ் வருது மேடம். இப்பதான் வலியே இல்லையே. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுக்கலாமா?"

"கூடாது!"

பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி சரி, கத்தாதீங்க மேடம்" என்றவர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லீவுக்கு எழுதிப் போட்டார்.