ரெக்கார்டு அக்காவும் ‘லேட்’ என்ற சொல்லும்

ரெக்கார்டு அக்கா என்று சொன்னால்தான் அந்த பஸ் டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். பஸ் கழுவும் இடத்தைப் பார்த்த ஜன்னல், கூரையை முட்டும் இரும்பு அலமாரிகள், அவற்றில் பழைய வருகைப் பதிவேடுகள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவருடைய ராஜ்ஜியம். எப்பேர்ப்பட்ட கோழிக் கிறுக்கலையும் தடுமாறாமல் படித்துவிடுவார்.

ஒரு நாள் காலை ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் வந்து நின்றார். அவருடைய சிகிச்சை அட்டை செல்லாது என்று டிப்போ மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று இருந்ததாம்.

“நான் செத்துட்டேனாம்மா. எப்பன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க, வீட்ல கேப்பாங்க” என்றார்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தார். விஷயம் ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டது. தாமதமாக வந்தவர் பெயருக்கு முன்னாலும் அந்தக் காலத்து மேற்பார்வையாளர் சிவப்பு மையில் ‘லேட்’ என்று எழுதியிருந்தார். இறந்தவர் பெயருக்கு முன்னாலும் அதையேதான். பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்த இருவரில் ஒருவர், ‘லேட்’ என்றிருந்த எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டார். என்றோ பத்து நிமிடம் பிந்தி வந்த பாவத்துக்கு டிரைவருக்கு உயிரே போயிருந்தது.

அன்று மாலையே அவரைப் பிழைக்க வைத்தாயிற்று. யாரும் புகார் கொடுக்காதபோது மற்றதெல்லாம் நமக்கெதற்கு என்றார் மேலாளர். அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளைகளில் ஒவ்வொரு ‘லேட்’டாகப் பார்த்தார். அதற்குப் பிந்திய பக்கங்களில் கையெழுத்து இருந்தால் ஆள் இருக்கிறார். மூன்று மாதத்தில் இன்னும் பதினொரு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து வந்தது ஒரு கண்டக்டரின் பெயர். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் அவர் கையெழுத்து இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிய இன்னொருவரோ அவரைத் தாமதமாக வந்தவர் என்று போட்டிருந்தார். ஏன் பிந்தினீர் என்று விளக்கம் கேட்டு அவர் வீட்டுக்கு நோட்டீஸே போயிருந்தது.

கடிதத்தில் மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார் மேலாளர். அக்கா அரை நாள் விடுப்புப் போட்டு நேரில் போனார். மூன்றாவது மாடி வீடு. தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்டக்டரின் மனைவி நாற்காலி போட்டார். தவறு ஆபீஸ் மேல்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்ட அக்கா, அந்த நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்தால் ரத்து செய்துவிடலாம் என்றார்.

அந்த அம்மாள் துணிகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தார். கொடுக்கவில்லை.

“வந்த அன்னிக்குக் கோபம்தான் வந்துச்சும்மா. அப்புறம் யோசிச்சேன். லேட்டுன்னா, ஆள் வந்துக்கிட்டிருக்கார்னுதானே அர்த்தம். அதான் கிழிக்க மனசு வரலை.”

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். “நீங்களே வச்சுக்குங்க. நகலை வச்சு ரத்து பண்ணிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறு வாரம் அவர் எழுதிக் கொடுத்த உத்தரவில் மேலாளர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். இனி பதிவேட்டில் ‘தாமதம்’ அல்லது ‘காலமானார்’ என்று முழுதாக எழுத வேண்டும். காலமானவர் வீட்டுக்கு டிப்போவிலிருந்து ஒருவர் நேரில் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களில் முதல் ஆளாக அக்காவின் பெயரே இருந்தது.