மார்கழியில் ஏறாத முள்

சூடு ஏறுதுன்னு வர்ற லாரிக்கு ஊர்ல எல்லாருமே டாக்டர். சூடே ஏறலைன்னா மட்டும் அது ஒரு வியாதின்னே யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நெய்வேலியில லாரி ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற எனக்கு மார்கழி பொறந்தா இந்தத் தலைவலிதான். என்னை மாதிரி நகக்கண்ணுல கிரீஸோட சோத்துக்கு உக்கார்றவங்களுக்கு இது புதுசில்ல. இருந்தாலும் போன மார்கழிக் கதையைக் கேளுங்க.

முந்திரி அட்டை

பனி விலகறதுக்குள்ள டிரைவர் ஆரோக்கியம் வந்து நின்னார். சாம்பல் லோடு அடிக்கிற லாரி. பேருதான் அவருக்கு ஆரோக்கியம், வண்டிக்கு அது கொஞ்சமும் இல்ல. வெள்ளைப் புகை, இழுவை கிடையாது, டீசலை மட்டும் மடக் மடக்குன்னு குடிக்குது. டெம்பரேச்சர் முள்ளு அடியிலேயே படுத்துக் கெடக்கு. முன்னாடி போய்ப் பார்த்தா, பண்ருட்டி முந்திரி அட்டைப்பெட்டியைக் கிழிச்சு ரேடியேட்டரை மூடிக் கட்டியிருக்கார்.

"என்னய்யா இது, பார்சல் சர்வீஸா?"ன்னு கேட்டேன். அவர் சிரிக்கவே இல்ல. "எனக்கு மஃப்ளர் இருக்குதுங்க. பாவம், அதுக்கு யாரு இருக்கா?"

ஐஸ் வண்டி

பின்னாடியே பைக்குல ஓனர் ஏழுமலை. முள்ளு ஏறலைன்னா இன்ஜின் சுகமா இருக்குதுன்னு அர்த்தம், இது அவர் கட்சி. அப்ப டீசல் எங்க போவுது? டிரைவர் வித்துடறார்னு முடிவே பண்ணிட்டார். இன்னிக்கு நான் ஒரு கோளாறைக் காட்டலைன்னா, சாவியை வாங்கிகினு ஆளை அனுப்பிடுவாராம். அதையும் அந்த மனுசன் எதிரிலேயே சொல்றார். "மாதா மேல சத்தியமா நான் தொடலைங்க"ன்னுட்டு ஆரோக்கியம் தலையைக் குனிஞ்சிக்கிட்டார். எனக்கு மனசே சரியில்ல.

ஏழுமலை விடலை. "வண்டி ஐஸாட்டம் இருக்குது, சூடா இருக்கறது நான் ஒருத்தன்தான். என் சூட்டைப் பாருங்க மொதல்ல."

ஓஸ் மேல கை

முள்ளு பொய் சொல்லுதான்னு மீட்டரைப் பார்த்தேன், அது யோக்கியம். வண்டியை நல்லா ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டருக்குத் தண்ணி போற மேல் ஓஸ் குழாய்ல ஏழுமலை கையையே வெக்கச் சொன்னேன். நமக்குத் தெரிஞ்சதுதான்: இன்ஜின் சூடாகற வரைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு தண்ணியை அந்தப் பக்கம் விடாது, ஓஸ் சில்லுன்னே இருக்கணும். இவரோ கொஞ்ச நேரத்துலயே "வெதுவெதுங்குது"ன்னார். கழட்டிப் பார்த்தா வால்வு இருக்கவேண்டிய எடம் காலி. அது இல்லாட்டி பனியில இன்ஜின் சூடே ஏறாது, சூடு ஏறாத இன்ஜின் டீசலைத்தான் குடிச்சுத் தீர்க்கும்.

"யாரு எடுத்தது?"ன்னேன். ஏழுமலை தொண்டையைக் கனைச்சார். "சித்திரையில சூடு ஏறுதேன்னு நாந்தான் வேற மெக்கானிக்குகிட்ட புடுங்கிடச் சொன்னேன். பித்தளையாட்டம் இருந்துதா, வூட்டுக்கு எடுத்துகினு போயிட்டேன். சாமி மாடத்துல அதுலதான் ஊதுபத்தி சொருவிகினு இருக்கோம்."

ஆரோக்கியம் முந்திரி அட்டையை அவிழ்த்துக்கிட்டே நிதானமா சொன்னார்: "அப்ப டீசல் திருடன் உங்க வூட்டு மாடத்துலதான் குந்திகினு இருந்திருக்கான் மொதலாளி. அவனுக்குத் தெனம் ஊதுபத்தி, எனக்குத் திருட்டுப் பட்டம்."

புது வால்வு போட்டதும் இன்ஜினுக்கு வரவேண்டிய சூடு அளவா வந்துடுச்சு. ஓனருங்களுக்கு மாட்டற சைஸ்ல மட்டும் இன்னும் எந்தக் கடையிலயும் ஸ்டாக் வரலை.