செல்வி மாற்றிய பாட்டு

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறுவதில்லை. ஆனாலும் கழக்கூட்டம் என்ற ஊரில் எங்கள் ஃபிளாட்டின் பாட்டுக் குழுவை விட மனம் வரவில்லை. ஓணம் நிகழ்ச்சிக்கு எடுத்திருந்த பாட்டோ உச்சியிலேயே நிற்கிற பாட்டு. பயிற்சியில் கடைசி வரிசையில் நின்று வெறுமனே வாயசைத்தேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

குழுவை நடத்துபவள் செல்வி. ஆரியசாலைப் பக்கத்துக்காரி, பேச்சில் மலையாளம் கலக்கும்; என் வயதுதான். அடுத்த பயிற்சிக்கு வந்ததுமே, "அந்தப் பாட்டு வேண்டாம், கேட்டோ," என்றாள்.

"பாதி படிச்சாச்சே செல்வி!" என்று எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள்.

"எனக்குப் பிடிக்கல்ல, விடுங்க."

புதிதாக எடுத்தது கடலில் வலை இழுப்பவர்களைப் பற்றிய பாட்டு. மற்றவர்கள் மேலே பாடும்போது ஒரு குரல் மட்டும் கடைசி வரை கீழ்ச் சுரத்திலேயே நிற்க வேண்டும். பலரும் முயன்றார்கள், அவ்வளவு கீழே யாருக்கும் எட்டவில்லை. நான் வாயைத் திறந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, கேட்ட இடத்தில் குரல் வந்து நின்றது. கண் கலங்கிவிட்டது.

நிகழ்ச்சி முடிந்து மேடையிலிருந்து இறங்கியதும் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்காகத்தானே மாத்தினீங்க?"

"சும்மா இருங்க. கீழே பாட ஆள் கிடைச்சுது, பாட்டை மாத்தினேன். அவ்வளவுதான்."

இந்த வருடம் பாட்டுத் தேர்வுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு பாட்டைச் சொன்னார்கள். பயிற்சியில் யாருடைய வாய் மட்டும் அசைகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செல்வி சிரிப்பை மறைக்கச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.